மழை குறையல, அப்புறம் ஏன் எங்க ஏரி கார்த்திகையில உடையுது, பங்குனியில வத்துது?

தம்பி, உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். மதுராந்தகம் பக்கத்து ஊரு, நூறு ஏக்கர் ஏரி, ஐப்பசி கார்த்திகையில கரை எங்க புட்டுக்குமோன்னு ராத்திரி முழிச்சிருந்து மணல் மூட்டை அடுக்குறீங்க, அதே ஏரி பங்குனி வந்தா கிரிக்கெட் கிரவுண்டு, நடுவுல ஒரு நாள் விடியக்காலைல மீனெல்லாம் செத்து மிதக்குது. அதிகாரிங்கள கேட்டா கிளைமேட் சேஞ்சுங்கிறாங்க, ஊர்ப் பெருசுங்கள கேட்டா ஆக்கிரமிப்புங்கிறாங்க, நீங்க மழைக்கணக்கு எடுத்துப் பாத்தா வருஷ மொத்தம் பெருசா குறையவும் இல்ல, அப்ப எதுதான் நிஜம்னு கேட்டிருக்கீங்க. நான் ஏரிப் பாசன வேலையில இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல இருந்துட்டு ரிட்டையர் ஆனவன், அதனால கொஞ்சம் நீளமாத்தான் வரும், டீ போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க.

முதல்ல அந்த வருஷ மொத்தத்தை ஓரமா வைங்க. வருஷத்துக்கு 120 சென்டிமீட்டர் பெஞ்சுதுங்கிறது விவசாயிக்கும் உதவாது ஏரிக்கும் உதவாது. ஏரிக்கு வேண்டியது என்னன்னா, முதல் மழையில காஞ்ச மண்ணு குடிச்சு முடிக்கணும், ரெண்டாவது மழையில ஏரிக்குத் தண்ணி கொண்டு வர்ற வரத்துக்கால்ல தண்ணி ஓட ஆரம்பிக்கணும், அப்புறம் அஞ்சாறு நாள் இடைவெளி விட்டு விட்டு மூணு நாலு மழை வந்து மெல்ல நிரப்பணும், கடைசி மழை மார்கழில வந்து கலிங்கு, அதாவது ஏரி நிறைஞ்சா மிச்சத் தண்ணி வெளிய போற கல்கட்டு வாய், லேசா வழியணும். இப்படி அம்பது அறுபது நாள்ல பரவி வர்ற மழைக்குத்தான் நம்ம ஏரி. அதே அளவு தண்ணி நாலு நாள்ல கொட்டிட்டுப் போயிட்டா ஏரி பிடிக்கிறது பிடிக்கும், மிச்சமெல்லாம் கலிங்கு வழியா, இல்லன்னா கரைய உடைச்சுக்கிட்டு, கடலுக்குப் போயிடும். மொத்தக் கணக்கு நோட்டுல அப்படியே இருக்கும், ஏரில தண்ணி இருக்காது.

ஏன் இப்படி கொட்டுதுன்னா, காத்து ஒரு டிகிரி சூடானா அதால ஏறக்குறைய 7 சதவீதம் அதிகமா ஈரத்தைத் தாங்க முடியும். தாங்குற சக்தி ஜாஸ்தியானா ரெண்டு விஷயம் சேர்ந்தே நடக்கும், மழை இல்லாத நாள்ல தரையில இருந்தும் தண்ணில இருந்தும் ஈரத்தை அதிகமா உறிஞ்சும், மழை வர்ற நாள்ல சேத்து வெச்சதை ஒரேயடியா இறக்கும். வறட்சியும் வெள்ளமும் ஒண்ணுக்கொண்ணு எதிரின்னு நெனைக்கிறோம், ரெண்டும் ஒரே கணக்கோட ரெண்டு பக்கம்தான். ஒரு தனி மழையக் காட்டி இது கிளைமேட் சேஞ்சுதான்னு யாராவது அடிச்சு சொன்னா நம்பாதீங்க, 2015 எல் நினோ வருஷம் வேற, அதாவது பசிபிக் கடல் சூடாகி நம்ம மழையையும் மாத்துற வருஷம். ஆனா தொடர்ச்சியா பாருங்க. 2015 டிசம்பர் 1 காலைல இருந்து 2 காலை வரைக்கும் தாம்பரத்துல 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்துல 47. அந்த செம்பரம்பாக்கம் ஏரில இருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்து விட்டாங்க, அடையாறு என்ன பண்ணுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். அடுத்த வருஷமே, 2016ல, வடகிழக்கு பருவமழை தமிழ்நாட்டுல வழக்கத்தை விட 62 சதவீதம் குறைஞ்சு போச்சு. அப்புறம் 2019 ஜூன்ல அதே செம்பரம்பாக்கம் வெடிச்ச தரை, ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டைல இருந்து ரயில்ல 25 லட்சம் லிட்டர் தண்ணி மெட்ராஸுக்கு வந்து இறங்குது. 3,645 மில்லியன் கன அடி பிடிக்கிற ஏரி, மூணரை வருஷத்துல ஊரையே முழுக வெச்சதும் அதுதான், ஒண்ணுமில்லாம காஞ்சு கிடந்ததும் அதுதான்.

இப்ப கலிங்குக்கு வரேன், ஏன்னா உங்க கேள்வியோட பாதி பதில் அந்தக் கல்லுலதான் இருக்கு, இதை யாரும் பேசுறதில்ல.

கலிங்கு எவ்வளவு நீளம் இருக்கணும்ங்கிறது யாரோ குத்துமதிப்பா வெச்சது கிடையாது. நம்ம பக்கம் ரைவ்ஸ் ஃபார்முலான்னு ஒண்ணு உண்டு, 1884ல வந்தது, நான் வேலைக்குச் சேந்த புதுசுல பெரிய இன்ஜினியருங்க மனப்பாடமா சொல்லுவாங்க. நீர்ப்பிடிப்புப் பரப்பு, அதாவது எவ்வளவு நிலத்துத் தண்ணி ஏரிக்கு வந்து சேருதோ அது, எத்தனை சதுர கிலோமீட்டர்னு எடுத்துக்கணும், அதோட மூணுல ரெண்டு பங்கு அடுக்கு எடுத்து ஒரு எண்ணால பெருக்கணும், அதுதான் வினாடிக்கு எத்தனை கனமீட்டர் வெள்ளம் வரும்ங்கிற கணக்கு. கடல்ல இருந்து 80 கிலோமீட்டருக்குள்ள இருந்தா அந்த எண் 6.8, அதத் தாண்டி 160 வரைக்கும் 8.5, மலை ஓரம்னா 10.2. கவனிச்சீங்களா, இந்த சூத்திரத்துல மழையே இல்ல! எத்தனை சென்டிமீட்டர் பெஞ்சுது, எத்தனை மணி நேரம் பெஞ்சுது, எதுவும் கேக்காது. அந்தக் காலத்து மழை எல்லாத்தையும் அந்த 6.8ங்கிற ஒரே எண்ணுக்குள்ள அடைச்சு வெச்சுட்டாங்க. அவங்க மேல தப்பு இல்ல, அவங்க பாத்த மழைக்கு அது சரியாத்தான் இருந்திருக்கும்.

உங்க ஏரிக்கு நீர்ப்பிடிப்பு ஒரு 20 சதுர கிலோமீட்டர்னு வைங்க. கணக்கு போட்டா வினாடிக்கு 50 கனமீட்டர் வரும். அந்த 50ஐ திருப்பி 20 சதுர கிலோமீட்டர் மேல பரப்பிப் பாத்தா மணிக்கு வெறும் 9 மில்லிமீட்டர் தண்ணி ஓடி வர்றதுக்குத்தான் கலிங்கு வாய் திறந்திருக்கு. இப்ப வர்ற மழை மணிக்கு 50 மில்லிமீட்டர், அப்படி மூணு மணி நேரம் விடாம, மண்ணு ஏற்கனவே ஊறிக் கிடக்குது, அதுல பாதி ஓடி வந்தாக்கூட 25. ஏரி காலியா இருந்தா வந்ததை வாங்கி வெச்சுக்கும், பிரச்சினை இல்ல. ஏற்கனவே தளும்பிக்கிட்டு இருக்கும்போது இது வந்தா தண்ணி கலிங்க விட்டுட்டு கரை மேல ஏறும். மண்கரை மேல அரை மணி நேரம் தண்ணி வழிஞ்சா போதும், முடிஞ்சுது கதை.

இதுல இன்னொரு கூத்தும் இருக்கு. நம்ம ஏரிங்க தனித்தனி கிடையாது, ஒண்ணோட கலிங்குத் தண்ணி அடுத்ததுக்கு வரத்து, அப்படி பத்து இருபது ஏரி சங்கிலியா இறங்கும். கீழ் ஏரிக்கு கலிங்கு கணக்கு போடும்போது மேல இருக்கிற ஏரிங்க கொஞ்சம் வெள்ளத்தைப் பிடிச்சு வெச்சுக்கும்னு ஒரு பகுதியைக் கழிச்சுடுவாங்க. மேல் ஏரி கரை நிக்கிற வரைக்கும் இந்தக் கழித்தல் சரி. அது உடைஞ்சா அது பிடிச்சு வெச்ச மொத்தமும் சேர்ந்து கீழ வரும், கழிச்சது அப்ப கூட்டலா ஆயிடும். 2023 டிசம்பர் 17, 18ல திருநெல்வேலி தூத்துக்குடி பக்கம் அதுதான் நடந்துச்சு. காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல ஏறக்குறைய 95 சென்டிமீட்டர், அந்த ஊரு ஒரு வருஷம் முழுக்க பாக்குற மழைய விட ஜாஸ்தி. ஸ்ரீவைகுண்டத்துல ரயில் நின்னு எண்ணூறு பேர் மாட்டிக்கிட்டது ஞாபகம் இருக்கும். எத்தனையோ குளம் வரிசையா உடைஞ்சுது, அது எதுவும் புதுக் குளம் கிடையாது, பல நூறு வருஷம் நின்னது.

உங்க ஊருக்காரங்களுக்கு ஏரி காத்த ராமர் கதை தெரியாம இருக்காது. லயோனல் பிளேஸ்னு ஒரு கலெக்டர், 1790கள்ல, மதுராந்தகம் ஏரிக்கரை வருஷா வருஷம் உடையுதுன்னு கொட்டுற மழையில பாக்கப் போறார், கரை மேல ரெண்டு பேர் வில்லோட காவல் நின்னாங்கன்னு கதை. நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம், நான் அதுல எடுத்துக்கிறது ஒண்ணுதான், அந்தக் காலத்துலயும் கரை உடையுறது புது சமாச்சாரம் இல்ல. மாறினது என்னன்னா எப்பவோ ஒரு தடவ வந்த அந்த மாதிரி ராத்திரி இப்ப அடிக்கடி வருது.

அடுத்தது வத்துற கதை. உடையுறதுக்கும் வத்துறதுக்கும் நடுவுல ஒரு இணைப்பு இருக்கு, அது வண்டல். மெதுவா பெய்யுற மழை மண்ண நனைக்கும், அடிச்சுப் பெய்யுற மழை மண்ண அறுத்து எடுத்துட்டு வந்து ஏரிக்குள்ள போடும். ஏரி மேடாகும். பத்தடி நின்ன இடத்துல ஆறடி நிக்கும், ஆனா பரப்பு அதே நூறு ஏக்கர். ஆழம் குறைஞ்சு பரப்பு குறையாத தண்ணிய வெயில் சாப்பிடுறது ரொம்ப சுலபம். சித்திரை வைகாசியில நம்ம பக்கம் திறந்த தண்ணில இருந்து ஒரு நாளைக்கு ஆறு ஏழு மில்லிமீட்டர் ஆவியாகும். ஏழுன்னே வைங்க, நூறு ஏக்கருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 28 லட்சம் லிட்டர். தெருவுல வர்ற 12,000 லிட்டர் லாரி இருக்கே, அதுல 230 லாரிக்கு மேல, தினமும், ஒரு சொட்டு கூட வயலுக்குப் போகாம. ஒரு மாசத்துல 20 சென்டிமீட்டருக்கு மேல காத்துக்கே போயிடும். சூடு ஏற ஏற, வறண்ட காத்து அடிக்கிற நாள் கூடக் கூட, இதுவும் ஏறும். வெயில் மட்டும் காரணம் இல்ல, காத்தோட வேகம், ஈரப்பதம் எல்லாம் சேந்துதான், ஆனா போற திசை ஒண்ணுதான்.

2017 ஏப்ரல்ல வைகை அணையில தெர்மாகோல் மிதக்க விட்டு ஆவியாகுறதத் தடுக்கப் பாத்தாங்க, கொஞ்ச நேரத்துலயே காத்து அதையெல்லாம் கரைக்குத் தள்ளிடுச்சு, நாமளும் வருஷக்கணக்கா மீம் போட்டு சிரிச்சோம். சிரிச்சது நியாயம்தான். ஆனா அன்னிக்கு அவங்க கையில எடுத்த பிரச்சினை நிஜமானது, எடுத்த பொருள்தான் காமெடி.

அப்புறம் மீன். இதை வேதியியல் பாடம் எடுக்காம சொல்லப் பாக்குறேன். தண்ணி சூடானா அதுல கரைஞ்சு நிக்கிற ஆக்சிஜன் குறையும், 20 டிகிரி தண்ணில லிட்டருக்கு 9 மில்லிகிராம் நிக்கும்னா 30 டிகிரில ஏழரைதான். அதே நேரம் மீனுக்கும் தண்ணிக்குள்ள இருக்கிற கிருமிங்களுக்கும் சூட்டுல மூச்சு வேகம் கூடும், பத்து டிகிரிக்கு சுமார் ரெண்டு மடங்கு. வரவு குறையுது செலவு கூடுது, குடும்பம் நடத்துறவங்களுக்கு மேல சொல்லத் தேவையில்ல. பகல்ல பாசி வெயில்ல ஆக்சிஜன் விடும், ராத்திரி அதே பாசி ஆக்சிஜன எடுத்துக்கும், அதனால விடியறதுக்கு முன்னாடி நேரம்தான் ரொம்ப மோசம். நீங்க மீன் செத்ததா சொன்னதும் விடியக்காலைலதான், பாருங்க. முந்தின ரெண்டு நாள் மேகமூட்டமா வெயில் இல்லாம இருந்துதான்னு விசாரிச்சுப் பாருங்க, பெரும்பாலும் ஆமாம்னுதான் சொல்லுவாங்க.

அதோட நம்ம வெப்பநிலையில தண்ணி அடுக்கு அடுக்கா பிரியறது ரொம்ப ஈசி. மேல் தண்ணி சூடு, லேசு, கீழ்த் தண்ணி குளிர்ச்சி, கனம். குளிர் நாட்டு ஏரில 10 டிகிரி பக்கத்துல மூணு டிகிரி வித்தியாசம் என்ன வேலை செய்யுமோ, அந்த வேலைய நம்ம ஊர்ல 30 டிகிரி பக்கத்துல ஒரே ஒரு டிகிரி வித்தியாசம் செஞ்சுடும். முன்னெல்லாம் ராத்திரி குளிர்ச்சில மேல் தண்ணி ஆறிப்போய் கீழ இறங்கும், மொத்தமும் ஒரு தடவ கலங்கி அடி வரைக்கும் காத்து போகும். இப்ப ராத்திரியே ஆறமாட்டேங்குது, வீட்டுல ஃபேன் போட்டும் தூக்கம் வராத ராத்திரி ஏரிக்கும் அதே ராத்திரிதான். அடித் தண்ணி நாள்கணக்கா மூச்சில்லாம கிடக்கும். ஆக்சிஜன் போன சேறு தனக்குள்ள பிடிச்சு வெச்சிருந்த பாஸ்பரச வெளிய விடும், அது பாசிக்கு யூரியா போட்ட மாதிரி. நீலப்பச்சை பாசிக்கு 25 டிகிரிக்கு மேல கல்யாணக் கொண்டாட்டம், பெயின்ட் ஊத்தின மாதிரி பரவும், சில வகை விஷமும் சுரக்கும், ஆடு மாடு குடிச்சா ஆபத்து. சேத்துல இருந்து குமிழி குமிழியா வர்றது மீத்தேன், அழுகின முட்டை வாடை அடிச்சா அது ஹைட்ரஜன் சல்பைடு. இந்த மீத்தேன் மறுபடி மேல போய் சூட்ட ஏத்துது, ஈரநிலங்க உலகத்துல இயற்கையா மீத்தேன் விடுற இடங்கள்லயே பெருசு, தரை சூடானா இன்னும் விடும்.

இப்படி அடியில விஷம் சேத்து வெச்சிருக்கிற ஏரில திடீர்னு ஒரு கோடை மழை, கூடவே சூறக்காத்து. அடித் தண்ணி புரண்டு மேல வரும், மழைத்தண்ணி ஊர்ச் சாக்கடை எல்லாத்தையும் அடிச்சுக்கிட்டு உள்ள வரும், காலைல மீன் மிதக்கும். ஊர்ல உடனே யாரோ பகைல மருந்து கலந்துட்டான்னு பஞ்சாயத்து கூடும், நான் இந்த மாதிரி ரெண்டு மூணு பஞ்சாயத்துல உக்காந்திருக்கேன், ஒரு ஊர்ல அண்ணன் தம்பியே அதுக்கப்புறம் பேசிக்கல. எப்பவும் மருந்து இல்லன்னு சொல்லல. ஆனா செத்தது எல்லாம் கெண்டை வகையா, விராலும் பனையேறியும் கெளுத்தியும் உயிரோட துள்ளுதான்னு பாருங்க. விராலும் பனையேறியும் மேல வந்து நேரா காத்த குடிச்சுக்கும், அதுங்க பொழைச்சு கெண்டை மட்டும் செத்திருந்தா ஆக்சிஜன் பிரச்சினைன்னு சந்தேகப்படலாம். எல்லாமே ஒண்ணா செத்திருந்தா மருந்தப் பத்தி யோசிங்க. இதுல ஒரு வருத்தம், அந்த ஆப்பிரிக்க கெளுத்தியும் காத்து குடிக்கிற ஜாதிதான், தடை பண்ணின மீன், எவனோ கொண்டாந்து விட்டது, நம்ம கெண்டை சாகுற ஒவ்வொரு தடவையும் அதுக்கு இடம் காலியாகுது.

பறவைக்கு வரேன், வேடந்தாங்கல் உங்களுக்கு பக்கம்தானே. அந்த பிளேஸ் கலெக்டர்கிட்டதான் அந்த ஊர்க்காரங்க பறவைய யாரும் சுடக்கூடாதுன்னு எழுதி வாங்கினாங்கன்னு சொல்லுவாங்க, அவ்வளவு பழைய பழக்கம், பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரம்ங்கிறது அவங்க கண்டு பிடிச்ச கணக்கு. நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா எல்லாம் தண்ணிக்குள்ள நிக்கிற நீர்க்கடம்பு மரத்துல கூடு கட்டுறது அழகுக்கு இல்ல, மரத்தைச் சுத்தி தண்ணி இருந்தா நாயும் நரியும் காட்டுப்பூனையும் வராது. கார்த்திகையில ஏரி நிறைஞ்சா வந்து கூடு கட்டும், மூணு நாலு மாசம் தண்ணி நிக்கணும், அப்பத்தான் குஞ்சு பறக்கிற வரைக்கும் தாங்கும். மழை லேட்டா வந்தா கூடு கட்டுறது லேட்டு, தண்ணி சீக்கிரம் வத்தினா குஞ்சு பறக்கறதுக்குள்ள மரத்தடி காஞ்சிடும், கூட்ட விட்டுட்டுப் போயிடுங்க. உங்க ஏரி பங்குனியில வத்துறது உங்களுக்கு ஒரு போகம் நஷ்டம், அதுங்களுக்கு ஒரு தலைமுறை நஷ்டம்.

ஓடைங்களப் பத்தியும் கேட்டிருந்தீங்க. சமவெளி ஓடை பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, அது எப்பவும் மழைய நம்பினதுதான். மலை ஓடைதான் விஷயம். நீலகிரில சோலையும் புல்வெளியும் நடுவுல சேத்து நிலமும் சேந்து ஒரு பஞ்சு மாதிரி, ஜூன்ல இருந்து சன்னமா தூறுற மழைய குடிச்சுக்கிட்டு மாசி பங்குனி வரைக்கும் சொட்டுச் சொட்டா ஓடைக்கு விடும், பவானிக்கும் மோயாறுக்கும் கோடையில தண்ணி அப்படித்தான் வருது. பஞ்சுமேல பக்கெட்டால ஊத்தினா என்ன ஆகும்? 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சில ஒரே நாள்ல 91 சென்டிமீட்டர். பஞ்சு குடிக்கிறதுக்குள்ள முக்கால்வாசி சரிஞ்சு ஓடியே போயிடும், மண்ணையும் இழுத்துக்கிட்டு. அப்புறம் மாசி மாசம் ஓடை வத்துது. ஆனா நேர்மையா சொல்லணும்னா அங்க புல்வெளியில வாட்டில் மரத்தையும் தைலமரத்தையும் நட்டு பாதி பஞ்ச நாமளே ஏற்கனவே பிச்சுப் போட்டுட்டோம், மிச்ச வேலையத்தான் சூடு செய்யுது. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகள்ல நிக்டிபட்ராக்கஸ்னு ஒரு தவளைக் கூட்டம் இருக்கு, ஓடை மேல தொங்குற இலையில முட்டை வைக்கும், தலைப்பிரட்டை பொரிஞ்சு சொட்டுன்னு கீழ தண்ணில விழணும். பருவமழை நடுவுல பத்து நாள் வெயில் அடிச்சா முட்டை இலையிலயே காஞ்சிடும், இல்ல பொரிஞ்சு விழும்போது கீழ தண்ணி இருக்காது. மழை மொத்தம் குறையல பாருங்க இதுலயும்!

சதுப்பு நிலம்னா பள்ளிக்கரணைய சொல்லாம முடியாது. ஒரு காலத்துல அம்பது சதுர கிலோமீட்டர் சுமாருக்கு இருந்தது, இப்ப 2022ல ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்க பட்டியல்ல, சேத்தது 1,247 ஹெக்டேர், அதாவது பன்னிரண்டரை சதுர கிலோமீட்டர். சுத்தி சுமார் 250 சதுர கிலோமீட்டர் நிலத்துல விழுற தண்ணி அங்கதான் வந்து சேரணும், அங்க இருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் முகத்துவாரம்னு கடலுக்குப் போகணும். வர்ற வழி பெருசு, இருக்கிற இடம் சின்னது, போற வழி குறுகல். இதுக்கு மேல கடல். உலக சராசரியா கடல் மட்டம் 2006ல இருந்து 2018 வரைக்கும் வருஷத்துக்கு 3.7 மில்லிமீட்டர் ஏறியிருக்கு. அது ஒரு அரிசி மணி அளவுகூட இல்லையேன்னு தோணும். ஆனா பள்ளிக்கரணை மாதிரி தட்டையான இடத்துல தண்ணி கடலுக்குப் போறதே சில அடி வாட்டத்துல, அதுல ஒவ்வொரு அங்குலமும் கணக்கு. புயல் நேரத்துல கடல் வேற பொங்கி நிக்கும், முகத்துவாரத்துல தண்ணி வெளிய போகாம அப்படியே நிக்கும். 2023 மிக்ஜாம் புயல்ல வேளச்சேரி பள்ளிக்கரணை பக்கம் மழை நின்னும் நாள்கணக்கா தண்ணி வடியாததுக்கு இதுவும் ஒரு காரணம். இதே கடல் மட்டம்தான் பிச்சாவரம், முத்துப்பேட்டை, பழவேற்காடு, மரக்காணம் பக்கத்து கழுவேலி எல்லாத்துலயும் உப்பு நன்னீர் கலவைய ஆட்டி வைக்குது. ஆத்துல இருந்து நல்ல தண்ணி வர்றது குறைஞ்சு, வெயில்ல ஆவியாகி, கடல் உள்ள ஏறினா உப்பு கூடும். அலையாத்தி மரம்கூட ஒரு அளவுக்கு மேல உப்ப தாங்காது, குட்டையா போயிடும்.

வெளிநாட்டு நிலவரத்த ஒரு வரில முடிச்சுடுறேன். உலகம் முழுக்க 235 ஏரிய எடுத்துப் பாத்ததுல 1985ல இருந்து 2009 வரைக்கும் பத்து வருஷத்துக்கு 0.34 டிகிரி வீதம் மேல்தண்ணி சூடாகியிருக்கு, 1992ல இருந்து 2020க்குள்ள பெரிய ஏரிங்கள்ல பாதிக்கு மேற்பட்ட ஏரிங்க தண்ணி இழந்திருக்கு. நம்ம கண்மாய் அந்தப் பட்டியல்ல இருக்காது, சாட்டிலைட்டுக்கு அது ரொம்ப சின்னது.

இப்ப உங்க சண்டைக்கு. ஆக்கிரமிப்பா, கிளைமேட் சேஞ்சா? ரெண்டு பேரும் ஒருத்தர் பேரச் சொல்லி இன்னொருத்தர் தப்பிச்சுக்கிறாங்கன்னு எனக்குப் படுது. கிளைமேட் சேஞ்சுன்னு சொல்லிட்டா யாரும் பதில் சொல்ல வேண்டாம், அது ஏதோ அமெரிக்கா சீனா சமாச்சாரம். ஆக்கிரமிப்புன்னு மட்டும் சொல்லிட்டா வரத்துக்கால் மேல இருக்கிற பத்து குடிசைய எடுத்ததோட கடமை முடிஞ்சுது, அடுத்து வர்ற கல்லூரி கட்டடத்த யாரும் தொட மாட்டாங்க. நிஜம் என்னன்னா வரத்துக்கால் அடைபடாத, மேடாகாத ஏரிக்கு இந்தப் புது மழையத் தாங்க கொஞ்சம் வழி உண்டு. அடைபட்ட ஏரிக்கு பழைய மழையே தாங்காது. ஒரு நோயாளிக்கு சர்க்கரையும் இருக்கு, கால்ல புண்ணும் இருக்கு, புண்ணு எதனாலன்னு சண்டை போட்டுட்டு உக்காந்திருந்தா கால் போயிடும்.

என்ன பண்ணலாம்னு கேட்டீங்க. தூர்வாரலாம்னு உடனே ஜேசிபி எடுக்காதீங்க. நடுவுல கிணறு மாதிரி தோண்டி மண்ண வித்துட்டுப் போறதுக்குப் பேரு தூர்வாருறது கிடையாது, அடியில இருக்கிற களிமண் படலத்தை வெட்டி எடுத்துட்டா தண்ணி ஓட்டைப் பானைல ஊத்தின மாதிரி கீழ இறங்கும், அதுவும் மதகு மட்டத்துக்கு கீழ தோண்டினா அந்தத் தண்ணி வயலுக்கே ஏறாது. வந்த வண்டல மட்டும் எடுக்கணும். நிலத்தடி ஊறணும்னு வேணும்னே ஆழப்படுத்துறது வேற கணக்கு, அதுக்கு வேற இடம் பாக்கணும். வண்டல விட முக்கியம் கலிங்கு. நீளத்தைக் கூட்டணும், இல்ல ஒரு பகுதியில ஷட்டர் வெச்சு பெருமழை வருதுன்னு தெரிஞ்சா முன்கூட்டியே ரெண்டடி இறக்கி வைக்கணும், இப்ப மூணு நாள் முன்னாடியே ஓரளவு தெரியுதே. இதுல ஊருக்குள்ள சண்டை வரும், இறக்கினதுக்கு அப்புறம் மழை வராமப் போயிட்டா யாரு பொறுப்புன்னு. வரட்டும், மணல் மூட்டை சண்டைய விட அது தேவலை. ஒரு விஷயம், உங்க கலிங்க அகலப்படுத்துறதுக்கு முன்னாடி கீழ் ஏரிக்காரங்கிட்ட பேசிடுங்க, உங்க கலிங்கு அவங்க வரத்து. வெங்காயத்தாமரையும் நெய்வேலி காட்டாமணக்கும் மதகு வாயில சேராம பாத்துக்கணும், அது புரட்டாசிலயே செய்ய வேண்டியது. ஊர்ச் சாக்கடை ஏரிக்குள்ள வர்ற இடத்தை மாத்த முடிஞ்சா மீன் சாகுறதுல பாதி குறையும், சூட்ட நம்மால குறைக்க முடியாது, பாசிக்கு தீனி போடறத நிறுத்தலாம்.

முதல் வேலை காசு செலவில்லாதது. உங்க ஏரி மதகுல அளவுக் கல்லு இருக்கும், அடிக்கணக்கு செதுக்கியிருப்பாங்க, சுண்ணாம்பு மறைச்சிருந்தா தேய்ச்சுப் பாருங்க. வாரம் ஒரு தடவ, ஞாயித்துக்கிழமை காலைல போய் எத்தனை அடின்னு ஒரு நோட்டுல எழுதுங்க, கூடவே பக்கத்து மழைமானில அந்த வாரம் எவ்வளவு பெஞ்சுதுன்னு எழுதுங்க. ஒரு பருவம் எழுதினா எந்த மழை ஏரிய நிரப்புச்சு, எது சும்மா வழிஞ்சு போச்சு, மழை நின்ன பிறகு வாரத்துக்கு எத்தனை அங்குலம் இறங்குதுன்னு தெரிஞ்சுடும். மதகு மூடியிருக்கிற வாரத்துல அஞ்சு சென்டிமீட்டர் சுமாருக்கு இறங்கினா அது ஆவி, பதினஞ்சு இருபதுன்னு இறங்கினா எங்கயோ கசியுது, கரைக்கு வெளிப்பக்கம் ஈரம் தெரியுதான்னு நடந்து பாருங்க. அந்த நோட்டோட ஒரு தை மாசம் வந்து எழுதுங்க, கலிங்கோட நீளத்தையும் அளந்து போடுங்க, உங்க ஏரிக்கு கணக்கு நான் போட்டுத் தரேன்.